முறுக்கிக்கொண்ட கோபுரம்

ரயில் செஸ்டர்ஃபீல்டை நெருங்கும்போதே ஜன்னலோரப் பயணிகளின் கண்ணில் அந்தக் கோபுரம் பட்டுவிடும். ஈரத்துணியைப் பிழிந்து அப்படியே நட்டுவைத்ததுபோல் முறுக்கிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும்.

இங்கிலாந்தின் டார்பிஷயரில் உள்ள இந்தச் சந்தை ஊரின் பங்குத் தேவாலயம், தூய மரியாள் மற்றும் சகல பரிசுத்தவான்கள் பெயரில் அமைந்தது. 1234இல் அர்ப்பணிக்கப்பட்டது, இன்று நாம் பார்க்கும் கட்டடத்தில் பெரும்பகுதி 14ஆம் நூற்றாண்டு வேலை. தரை அமைப்பு சிலுவை வடிவம். சிலுவையின் கைகளும் உடலும் கூடும் இடத்தில் நான்கு பெருந்தூண்கள், அவற்றின்மேல் சதுரமான கல் கோபுரம், அதன் தலையில் 1362 வாக்கில் ஏற்றிய மரத்தாலான ஊசிக்கோபுரம். தரையிலிருந்து உச்சிவரை 228 அடி.

திருகியிருப்பது அந்த மர ஊசிதான், அதுவும் சுமார் 45 டிகிரி. உச்சி, இருக்கவேண்டிய இடத்தைவிட்டு ஒன்பதரை அடி விலகி நிற்கிறது.

ஊரார் இதற்குச் சொல்லும் கதைகளுக்குக் குறைவில்லை. பக்கத்து ஊரான போல்சோவரில் ஒரு கொல்லன் சாத்தானின் குளம்பில் லாடம் அடித்தானாம். ஆணி சதையில் இறங்க, வலி தாங்காமல் துள்ளிப் பறந்த சாத்தான் போகிற போக்கில் கோபுரத்தை உதைத்துவிட்டானாம்.

சாத்தானை விட்டுவிட்டு மரத்தைப் பார்ப்போம். காய்ந்த ஓக் மரத்தில் உளி இறங்குவது கடினம். அதனால் அக்காலத் தச்சர்கள் வெட்டிய ஈரம் காயுமுன்பே இழைத்துப் பூட்டிவிடுவார்கள். பச்சை மரம் காயக் காயச் சுருங்கும், நெளியும். சட்டங்களுக்கிடையே போதுமான குறுக்குக் கட்டைகள் இருந்தால் அந்த நெளிவு அடங்கிவிடும். இங்கே அவை போதவில்லை. 1348–49இல் நாட்டைச் சூறையாடிய பிளேக்கில் தேர்ந்த தச்சர்கள் பலர் மாண்டதால்தான் வேலையில் இந்தக் குறை விழுந்தது என்று கருதுவோர் உண்டு.

போதாக்குறைக்கு, மேலே போர்த்திய காரீயத் தகடு சுமார் 33 டன். காரீயம் சூடேறினால் இரும்பைவிட இருமடங்குக்கும் மேலாக விரியும்; ஒரு மீட்டர் தகடு 40 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும். வெயில் படுவது தெற்குப் பக்கம், வடக்குப் பக்கம் நிழலிலேயே கிடக்கும். ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல், நூற்றாண்டுக் கணக்கில் இந்த இழுபறி நடந்திருக்கிறது. தகடுகளை மீன்முள்போல் சாய்வாக அடுக்கியிருப்பதால் இருக்கிற முறுக்கு கண்ணுக்கு இன்னும் கூடுதலாகத் தெரிகிறது.

உள்ளே, மரியாள் சிற்றாலயத்தில் ஃபோல்ஜாம் குடும்பத்தாரின் கல்லறைகள் இருக்கின்றன. அவற்றின் சிற்ப வேலை அலபாஸ்டர் கல்லில் ஆனது. ஜிப்சத்தின் ஒரு வகையான இது, நகத்தால் கீறினாலே தடம் விழும் அளவுக்கு மென்மையானது. ஆடையின் மடிப்பையும் விரல் கணுக்களையும் நுணுக்கமாகச் செதுக்க ஏற்ற கல்தான், ஆனால் மழையில் மெல்லக் கரைந்துவிடும் என்பதால் கூரைக்குக் கீழேதான் வைத்தாகவேண்டும். டார்பி நகருக்கு அருகிலுள்ள செல்லாஸ்டனின் அலபாஸ்டர் சுரங்கங்கள் அந்நாளில் பேர்பெற்றவை.

தேவாலயத்துக்குப் பேராபத்து வந்தது 1961 டிசம்பர் 22 அன்று. சிலுவையின் வடக்குக் கையில் பிடித்த தீ, ஸ்னெட்ஸ்லர் என்ற ஆர்கன் வினைஞர் 1756இல் செய்த ஆர்கனை எரித்துத் தீர்த்தது. காரீயம் உருக 327 டிகிரி வெப்பம் போதும். தலைக்கு மேலே நின்றதோ அறுநூறு ஆண்டு காய்ந்த ஓக் மரம். தீ அங்கே ஏறுமுன் அணைந்தது. ஊர்க் கால்பந்து அணிக்கு ‘ஸ்பைரைட்ஸ்’ என்ற செல்லப்பெயரைக் கொடுத்த அந்த ஊசிக்கோபுரம், கோணல் மாறாமல் தப்பியது.