லயம் முதல் அடுக்ககம் வரை: கேமரன் மலையும் கூட்டுக் குடியிருப்பும்



கேமரன் மலையின் பெருஞ்சாலையில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் செல்வோர் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், திரிங்காப், கோலா தெர்லா ஆகிய ஊர்களைக் கடந்து இறுதியில் கம்போங் ராஜாவை அடைவர். ஒருபுறம் காய்கறித் தோட்டங்களின் நெகிழிக் கூரைகளும் மறுபுறம் புளூ வேலித் தேயிலைத் தோட்டத்தின் பசிய சரிவுகளும் இவ்வூரைச் சூழ்ந்துள்ளன. ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாயிலிருந்து மலையேறும் புதிய சாலை இவ்வூரின் வழியாகவே வருகின்றது. ஒரு காலத்தில் மலைப்பாதையின் கடைசியில் இருந்த ஊர், இன்று பலருக்கு மலையின் முதல் வாயிலாகிவிட்டது.

இம்மலையில் மக்கள் எவ்வாறு ஒன்றாகக் குடியிருந்தனர், இன்று எவ்வாறு குடியிருக்கின்றனர் என்பதே இவ்வுரையின் பொருள். தேயிலைத் தோட்டத்து லயத்தையும் இக்கால அடுக்குமாடியையும் அருகருகே வைத்துக் காண்போம். ஒரே சுவரை இரு குடும்பங்கள் பகிர்ந்துகொள்வது இரண்டிற்கும் பொது. அச்சுவர் யாருடையது, அதனைப் பழுதுபார்க்கும் கடமை யாருடையது என்னும் வினாவில்தான் அவை வேறுபடுகின்றன.

மலை ஊரான வரலாறு

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் அரசு நில அளவையாளர் பகாங் எல்லைப் பகுதியை அளக்கச் சென்றபோது இம்மேட்டுநிலத்தைக் குறித்து அறிவித்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. எனினும், அவர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே செமாய் முதலிய பூர்வகுடியினர் இங்கு வாழ்ந்து வந்தனர் என்பதை மாணவர் மறத்தலாகாது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்த பின்னரே மலைவாழிடமாக இதனை வளர்க்கும் எண்ணம் வலுப்பெற்றது. தாப்பாவிலிருந்து சாலை அமைந்தபின் உழவும் தேயிலையும் ஓய்வு மனைகளும் பெருகின.

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பட்டறிவு பெற்ற ஏ. பி. மில்ன் அவருக்குத் துணைநின்றார். தேயிலையோடு இலங்கையின் தோட்ட முறையும் மலையேறிற்று எனலாம். காட்டை அழித்துச் சரிவைத் திருத்திக் கொழுந்து பறித்தவருள் பெரும்பாலோர் தென்னிந்தியத் தமிழர். கங்காணி முறையின் இறுதிக் காலம் அது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்ததால், அதற்கு முன் வந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களுமே மலைத்தோட்டங்களின் நிலையான குடிகளாயினர்.

லயத்தின் அமைப்பு

'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லே தோட்டத் தமிழில் 'லயன்' என்றும் 'லயம்' என்றும் வழங்கலாயிற்று. வரிசை என்பதே அதன் பொருள். நீண்ட ஒரே கூரையின்கீழ்ப் பல அறைகள். அறைக்கும் அறைக்கும் இடையே ஒரு சுவர். முன்புறம் ஒரு தாழ்வாரம். சற்றுத் தொலைவில் பொதுக் குழாய். லயத்துக்கு அப்பால் பிரட்டுக்களம், மாரியம்மன் கோயில், குழந்தைகள் காப்பகம், பள்ளிக்கூடம் என ஒரு முழு ஊரே தோட்ட எல்லைக்குள் அடங்கியிருந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டக்கோவை, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. இந்நாட்டின் தமிழ்ப்பள்ளிகள் பல இன்றும் தோட்டப் பெயர்களையே தாங்கி நிற்பதற்குக் காரணம் இதுவே.

லய வாழ்வை இன்று நினைவுகூர்வோர் அதன் உறவையே முதலில் சொல்வர். ஒரு வீட்டுக் குழம்பின் மணம் பத்து வீட்டுக்கும் தெரியும். ஒரு வீட்டுச் சாவுக்குப் பத்து வீட்டிலும் அடுப்பு எரியாது. அவ்வுறவு மெய்யே. ஆனால் அதன் மறுபக்கத்தையும் கூறுதல் வரலாற்றாசிரியர் கடன். கூரை ஒழுகினால் கிராணியிடம் முறையிட வேண்டும். துரை இசைந்தால்தான் தகரம் மாறும். வேலை போனால் வீடும் போகும். ஐம்பது ஆண்டுகள் குடியிருந்தாலும் அவ்வறையின் ஒரு செங்கல்லும் குடியிருந்தவருக்கு உரியதாகாது. தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்த அளவுத் தரத்தை வரையறுத்த 1966, 1990ஆம் ஆண்டுச் சட்டங்கள் வீட்டின் தரத்தை உயர்த்தின. ஆயினும் உரிமையை மாற்றவில்லை.

இந்நிலையை மாற்ற எழுந்த முயற்சிகளுள் தலையாயது 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். ஆங்கிலேய உரிமையாளர் தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலம் அது. தொழிலாளர் மாதந்தோறும் பத்து வெள்ளி செலுத்திப் பங்குதாரராகி, தோட்டத்தைக் கூட்டாக வாங்குவதே சங்கத்தின் வழி. கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் அவ்வாறு முதலில் வாங்கப்பட்டது. தனியொருவரால் வாங்க இயலாததைப் பலர் சேர்ந்து வாங்கலாம் என்னும் கருத்து, அடுக்குமாடிகள் பரவுமுன்பே மலேசியத் தமிழரிடையே செயல்வடிவம் பெற்றிருந்தது.

ஒரு சொல்லின் பொருள்

'கொண்டோமினியம்' என்பது இலத்தீன் வழிச் சொல். 'கூட' என்பதும் 'உடைமை' என்பதும் இணைந்து 'கூட்டுடைமை' என்னும் பொருளைத் தருகின்றன. விளம்பரங்கள் இச்சொல்லை நீச்சல் குளத்தோடும் காவலரோடும் சேர்த்தே காட்டுவதால், அதன் மூலப்பொருள் மறைந்துவிட்டது. சட்டத்தில் வழங்கும் 'ஸ்ட்ராட்டா' என்னும் சொல் அடுக்குகளைக் குறிப்பது. தமிழில் அடுக்ககம் என்பது இதற்கு நன்கு பொருந்தும். நிலத்தைக் கிடையாகப் பங்கிடுவதே மரபு. வானத்தை அடுக்கடுக்காகப் பங்கிடும் புதுவகைப் பட்டா இது.

தீபகற்ப மலேசியாவில் 1985ஆம் ஆண்டின் அடுக்குரிமைப் பட்டாச் சட்டம் இதற்கு அடிப்படை. குடியிருப்பை நடத்தும் முறையை 2013ஆம் ஆண்டின் அடுக்குரிமை நிர்வாகச் சட்டம் வகுக்கின்றது. அது 2015 ஜூன் முதல் நாளன்று நடப்புக்கு வந்தது. இவற்றின்படி அடுக்ககம் ஒன்றில் இருவகை உடைமை உண்டு. வீட்டின் உட்பகுதி தனிக்கூறு. படிக்கட்டு, மின்தூக்கி, கூரை, வடிகால், வளாகத்துத் தடுப்புச் சுவர் ஆகியன பொதுச்சொத்து. ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கலகு என ஓர் எண் வரையறுக்கப்படும். பராமரிப்புக் கட்டணம் அவ்வெண்ணைப் பொறுத்தது. அக்கட்டணத்தோடு அதில் பத்து விழுக்காடு சேமநிதியாகச் செலுத்தப்படும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு குடியிருப்பின் மொத்தப் பங்கலகு 10,000 என்றும், ஒரு வீட்டின் பங்கலகு 100 என்றும், ஆண்டுச் செலவு 300,000 ரிங்கிட் என்றும் கொள்வோம். அவ்வீட்டின் பங்கு நூற்றில் ஒன்று. ஆண்டுக்கு 3,000 ரிங்கிட், மாதத்துக்கு 250 ரிங்கிட். சேமநிதி மாதம் 25 ரிங்கிட். மூன்றில் ஒரு பங்கினர் செலுத்தத் தவறின், பராமரிப்புக் கணக்கில் மட்டும் ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் குறையும். முதலில் தோட்டக்காரர் நிற்பார்; பிறகு விளக்குகள் அணையும்; அதன்பின் மின்தூக்கி நிற்கும். தவறாது செலுத்திய எட்டாம் மாடி மூதாட்டியும் அன்று படியேறித்தான் ஆகவேண்டும். லயத்தில் கூரை ஒழுகினால் துரையைக் குறைகூறலாம். அடுக்ககத்தில் துரை என ஒருவர் இல்லை. உரிமையாளர் அனைவருமே துரைகள்.

கூட்டமும் கணக்கும்

வீடுகள் ஒப்படைக்கப்பட்ட பன்னிரண்டு மாதங்களுக்குள் முதல் பொதுக்கூட்டத்தைக் கட்டுமான நிறுவனம் கூட்ட வேண்டும். அதில் கூட்டு நிர்வாக அமைப்பு உருவாகும். தனிப்பட்டாக்கள் வழங்கப்படுங்கால் நிர்வாகக் கழகம் அதன் இடத்தைப் பெறும். குழுவில் மூவர் முதல் பதினால்வர் வரை இருக்கலாம். ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கைப் பொதுக்கூட்டத்தில் வைத்தல் வேண்டும். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்வரை நிலுவையைத் தீர்க்காதவர் வாக்களிக்கும் தகுதியை இழப்பார். மேல்வீட்டிலிருந்து நீர் கசிந்தால், வேறாக மெய்ப்பிக்கப்படும் வரை கசிவின் தோற்றம் மேல்வீடே எனச் சட்டம் கொள்கிறது. பிணக்குகளுக்கு 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயமும் உண்டு.

இவ்வமைப்பு தமிழர்க்கு முற்றிலும் புதிதன்று. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, ஏறத்தாழ 920ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்களைக் குறிப்பிடுகின்றன. குடவோலையால் உறுப்பினர் தெரிந்தெடுக்கப்பட்டனர். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் பொறுப்பேற்க இயலாது. அந்த வாய்ப்பு நிலமும் கல்வியும் உடைய சிலருக்கே உரியதாயிருந்தது என்பது உண்மை. அதனை இன்றைய மக்களாட்சியாகக் காட்டுதல் மிகையாகும். ஆனால் பொதுச்சொத்தை ஆள்பவர் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் நெறி கல்லில் பொறிக்கப்பட்டது. லயத்தில் வாழ்ந்தோருக்கு அந்நெறியைப் பயிலும் வாய்ப்பே அளிக்கப்படவில்லை. அவர்தம் பேரப்பிள்ளைகள் பொதுக்கூட்டத்துக்கு வரத் தயங்கினால், அது சோம்பல் எனச் சொல்லிக் கடந்துவிடல் தகாது. மூன்று தலைமுறையாகப் பழகிய பழக்கம் அது.

மலைச்சரிவு தரும் பாடம்

இந்த அறியாமையின் விலை சில வேளைகளில் உயிராகும். 1993 டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 48 பேர் உயிரிழந்தனர். பின்புறச் சரிவின் நீரோட்டம் திருப்பிவிடப்பட்டதும், வடிகால்கள் போதாமையும், தடுப்புச் சுவர்களின் குறையும் அப்பேரிடருக்குக் காரணங்களாயின. சமவெளியில் அடைபட்ட வடிகால் கொசுவைத் தரும். சரிவில் அடைபட்ட வடிகால் மண்ணை நெகிழச் செய்யும். கேமரன் மலையில் இதற்குக் கூடுதல் பொருள் உண்டு. பிரிஞ்சாங்கிலும் தானா ராத்தாவிலும் அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. அவற்றுள் பல வீடுகள் விடுமுறைக்கு வந்து தங்குவோருக்கு வாடகைக்கு விடப்படுவன. உரிமையாளர் பலர் தொலைநகர்களில் வாழ்வோர். ஆண்டில் சில நாள் மட்டுமே தங்குவோருக்குத் தடுப்புச் சுவரின் விரிசல் கண்ணில் படாது. ஆண்டு முழுதும் அங்கு வாழ்வோரே அதனைக் காண்பர். அவர்கள் குழுவில் இடம்பெறாவிடில் கண்டதைச் சொல்ல ஆளில்லை.

தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்குப் பெயர்ந்தோரின் துயரையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். புத்ராஜெயா உருவானபோது பிராங் புசார் முதலிய தோட்டங்களின் குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாறின. கட்டடத்து விரிசல்களைக் காட்டித் தரைவீடு வேண்டி அவர்கள் பல்லாண்டு போராடினர். மாட்டுக்கொட்டிலும் காய்கறிப் பாத்தியும் முற்றமும் கொண்டு வாழ்ந்தோரை மாடிக்கு ஏற்றுவது வெறும் முகவரி மாற்றமன்று. கோயிலுக்கும் கூடிப் பேசும் வாசலுக்கும் அடுக்ககத்தின் வரைபடத்தில் இடம் குறிக்கப்படாவிடில், பிறகு அவற்றைக் கேட்டுப் பெறுதல் அரிது.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

கம்போங் ராஜா முதலிய மலையூர்களில் லயத்தில் பிறந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். தோட்டங்களில் இன்று கொழுந்து பறிப்போருள் அயல்நாட்டார் பெருகிவிட்டமையால், லயத்தின் தமிழ் நினைவு இம்முதியோரிடமே எஞ்சியுள்ளது. மாணவர் ஒவ்வொருவரும் தம் தாத்தா பாட்டியிடம் நான்கு வினாக்கள் கேட்டு எழுதலாம். லயத்தில் எத்தனை வீடுகள் இருந்தன? தண்ணீர் எங்கிருந்து வந்தது? கூரை ஒழுகினால் யாரிடம் சொன்னீர்கள்? அங்கிருந்து எப்போது, ஏன் வெளியேறினீர்கள்? விடைகளோடு லயத்தின் வரைபடம் ஒன்றையும் சேர்த்தால், அது எந்த ஆவணக் களரியிலும் கிடைக்காத ஊர்வரலாறாகும்.

அடுக்ககத்தில் வாழும் மாணவர்க்கு ஐந்தாம் வினாவும் உண்டு: உங்கள் குடியிருப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டம் எப்போது நடைபெறும்? இவ்வினாவைப் பெற்றோரிடம் கேட்கச் செய்தலே ஆசிரியர் ஆற்றக்கூடிய பெரும்பணி. கூட்ட அறிவிப்பு மலாயிலோ ஆங்கிலத்திலோ வரும். அதனைத் தாய்க்கும் பாட்டிக்கும் தமிழில் விளக்கிச் சொல்லும் பிள்ளை, மொழிப்பாடத்தையும் குடிமைப்பாடத்தையும் ஒருங்கே கற்றதாகும். பங்கலகு, சேமநிதி, பொதுச்சொத்து ஆகிய சொற்கள் வகுப்பறையில் பழகினால் வீட்டிலும் வழங்கும்.

பாட்டன் லயத்தில் குடியிருந்தார்; கூரையைப் பற்றிப் பேச அவருக்கு உரிமையில்லை. பேரன் அடுக்ககத்தில் குடியிருக்கிறான். கூரையில் அவனுக்குப் பங்குண்டு, கூட்டத்தில் அவனுக்கு வாக்குண்டு. அவ்வாக்கை அவன் பயன்படுத்த வேண்டும் என்பதே இவ்வுரையின் வேண்டுகோள்.