லேப்-டாப் வாங்க போறீங்களா? திரை, சூடு ரெண்டையும் பாருங்க!

மாடம்பாக்கம்:

பிள்ளையின் காலேஜ் படிப்புக்கு லேப்-டாப் வாங்க தாம்பரம் கடைகளுக்கோ, சென்னை ரிச்சி தெருவுக்கோ கிளம்பும் மாடம்பாக்கம்வாசிகள் கவனத்துக்கு! விலையையும், 'ராம்' அளவையும் மட்டும் கேட்டு பணம் கட்டினால் பின்னாடி அவதிதான்.

சாய்ச்சு பாருங்க

நேராக பார்த்தால் எல்லா திரையும் பளிச்சென்றுதான் இருக்கும். பக்கவாட்டிலும், கீழே குனிந்தும் பாருங்கள். படம் கறுத்து, நிறம் மாறினால் அது பெரும்பாலும் விலை குறைந்த 'டி.என்.' வகை. 'ஐ.பி.எஸ்.' திரையில் நிறம் அவ்வளவாக மாறாது. அண்ணன்-தம்பி சேர்ந்து உட்கார்ந்து படிக்க அதுதான் வசதி. எழுத்து துல்லியமாக தெரிய 1920-க்கு 1080 புள்ளிகள் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

35 டிகிரி கணக்கு

பல கம்பெனிகள், லேப்-டாப் இயங்கும் இடத்தின் வெப்பம் 35 டிகிரி செல்சியசை தாண்டக் கூடாது என்கின்றன. சென்னையிலோ 2003 மே 31-ந்தேதி 45 டிகிரி கொளுத்தியது. ஷீட் போட்ட வீட்டில் கேட்கவே வேண்டாம். சூடு ஏறினால் லேப்-டாப் தானாகவே வேகத்தை குறைத்துக்கொள்ளும். பேட்டரி ஆயுளும் குறையும்.

எனவே கடையிலேயே அரை மணி நேரம் வீடியோ ஓட விட்டு, கீ-போர்டிலும் அடியிலும் கை வைத்து பாருங்கள். ஏ.சி. கடையிலேயே சுட்டால் நம்ம வீட்டில் என்ன ஆகும்?

வாங்கிய பிறகு மெத்தை, தலையணை மேல் வைக்காதீர்கள். அடியில் உள்ள காற்று துளை அடைபட்டு விடும். மேஜையோ, பலகையோ போதும்.