கம்பியில்லா வலைக்கும் காவல் வேண்டும்

பண்டைத் தமிழர் அரணின் அருமையை நன்குணர்ந்தவர்கள். வள்ளுவப் பெருந்தகை ‘அரண்’ என்றே ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். நம் புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம் கோட்டையை 1687ஆம் ஆண்டில் இராமநாதபுரம் சேதுபதி மன்னர் எழுப்பினார். அதனுள் புகுவோர் காவலுடைய வாயிலையே நாட வேண்டியிருந்தது. இன்று இல்லங்களிலும் கல்லூரிகளிலும் இயங்கும் ‘வைஃபை’ என்னும் கம்பியில்லா வலைக்கோ மதில் ஒரு தடையன்று. அதன் அலைகள் சுவரைக் கடந்து தெருவரை செல்வன. எனவே, அதற்குரிய அரணை நாம் வேறு வகையில் அமைத்தல் வேண்டும்.

அரண் இல்லையேல் விளையும் கேடு யாது? 2008 சூலை 26ஆம் நாள் அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்தன. அதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னர் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது நவி மும்பையில் வாழ்ந்த அமெரிக்கர் ஒருவரின் இணைய இணைப்பு வழியே சென்றது எனக் காவல்துறை கண்டறிந்தது. அவருடைய வைஃபை காப்பின்றித் திறந்து கிடந்தமையால் அயலார் அதனுள் புகுந்தனர். அடுத்த மாதமே மும்பை கால்சா கல்லூரியின் வலையும் இவ்வாறே பயன்படுத்தப்பட்டது. குற்றம் இழைத்தவர் ஒருவர். ஐயத்திற்கு ஆளானவர் மற்றொருவர்! 2009 பிப்ரவரியில் நடுவண் அரசின் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை பயன்படுத்துவோரின் அடையாளத்தைப் பதிவு செய்யுமாறு இணையச் சேவை நிறுவனங்களை அறிவுறுத்தியது.

இக்காவலை இரு கூறாகப் பகுக்கலாம். முதலாவது மறையாக்கம், அஃதாவது, செல்லும் செய்தியைப் பிறர் படிக்கவியலாதவாறு மாற்றுதல். 1997இல் வந்த ‘வெப்’ என்னும் முறையின் வலுவின்மை 2001இலேயே வெளிப்பட்டது. 2004இல் ‘டபிள்யூ.பி.ஏ.2’, 2018இல் ‘டபிள்யூ.பி.ஏ.3’ ஆகியன அறிமுகமாயின. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இவ்விரண்டில் ஒன்றையே தெரிவு செய்தல் வேண்டும்.

இரண்டாவது நுழைவுரிமை. ரவுட்டருடன் வரும் நிருவாகக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுதல் நன்று. வைஃபை கடவுச்சொல் நீண்டதாகவும் பிறரால் ஊகிக்க இயலாததாகவும் அமைதல் வேண்டும். விருந்தினர்க்குத் தனி வலை வகுத்தல் சாலச் சிறந்தது. வலையின் பெயரை மறைப்பதும், கருவிகளின் முகவரிகளைப் பட்டியலிட்டு அனுமதிப்பதும் போதிய காவல் ஆகா. மறைந்த பெயரை எளிதில் அறியலாம், முகவரியைப் போலியாக அமைக்கலாம்.

கல்லூரியின் நிலை சற்றே வேறானது. ஆயிரம் மாணவர்க்கு ஒரே கடவுச்சொல் எனில், அது விரைவில் ஊரறிந்த மறைபொருளாகிவிடும். ஆதலின், ‘802.1எக்ஸ்’ என்னும் முறைப்படி ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் வழங்கலாம். படிப்பை முடித்துச் செல்வோரின் உரிமையை மட்டும் நீக்கிவிடலாம். மதிப்பெண், கணக்கு முதலியவற்றைக் கையாளும் அலுவலக வலையை மாணவர் வலையினின்றும் பிரித்து வைத்தல் இன்றியமையாதது.

இவ்வேற்பாடுகள் மாணவரை ஐயுறுவதற்காக அல்ல. ஒருவர் செய்த தவற்றுக்கு மற்றொருவர் பழி சுமவாமல் காப்பதற்கே ஆகும். தன் கடவுச்சொல்லைத் தோழர்க்கும் கொடாது காப்பவரே, தம் நற்பெயரையும் கல்லூரியின் நற்பெயரையும் ஒருங்கே காப்பவர் ஆவார்.