செங்கல் பெயர் சொல்லும் ஊர்

"உங்க வீடு எங்கம்மா இருந்துச்சு?"

போன தீபாவளிக்குச் சாமான் வாங்க பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தோம். ஜாலான் ரொசாரியோவில் நின்றபோது மகன் இப்படிக் கேட்டான். கையை நீட்டினேன். காட்டுவதற்குத்தான் வீடு இல்லை.

அவனுக்கு பிரிக்பீல்ட்ஸ் என்றால் லிட்டில் இந்தியா. பூக்கடை, புடவைக்கடை, வாழையிலைச் சாப்பாடு. அந்தப் பெயர் வந்தது 2010இல்தான். ஊர் அதைவிட நூறு ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது.

1881இல் கோலாலம்பூர் தீயில் எரிந்தது. அதே ஆண்டு வெள்ளத்திலும் மூழ்கியது. மரமும் அத்தாப்பும் இனி வேண்டாம், செங்கல்லால் கட்டுங்கள் என்று பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம் வலியுறுத்தினார். அந்தச் செங்கல்லைச் சுட்டுக் கொடுத்த இடம் என்பதால்தான் இந்தப் பெயர்.

1886இல் கிள்ளான் ரயில் பாதை திறந்தது. பிறகு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேக்காரர்களின் ஊரானது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தண்டவாளத்தில் உழைத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் குமாஸ்தாக்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் இருந்தார்கள். யாழ்ப்பாணத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயில், 1904இல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமம், சிங்களவர்களின் பௌத்த விகாரம், தேவாலயங்கள் எல்லாம் நடக்கும் தூரத்தில்தான்.

ரயில்வே ஊழியர்களுக்குக் கட்டிய 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' வரிசை வீடுகளில் ஒன்றில்தான் நான் வளர்ந்தேன். அப்பாவுக்கு இரவு ஷிப்ட் என்றால், பகலில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் சத்தம் போடாமல் விளையாடுவோம். ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டியது. அப்பா ஓய்வு பெற்றதும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பூச்சோங்கிற்குக் குடிபோனோம். ஊரை உருவாக்கியவர்களில் பலருக்கு அங்கே சொந்தமாக ஓர் அடி நிலம்கூடக் கிடையாது. அதனால்தான் வீடுகள் இடிக்கப்பட்டபோது, "இது என் வீடு" என்று சொல்ல எங்களால் முடியவில்லை.

பழைய ரயில்வே யார்டு இருந்த நிலத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது. சுற்றிலும் கோபுரங்கள் எழுந்தன, நிலத்தின் விலையும் எழுந்தது. நாம் இப்போது அங்கே வாங்கப் போகிறோம், வாழப் போவதில்லை.

அப்படியானால் மகனிடம் எதைக் காட்டுவது? யோசித்தபடி ஜாலான் துன் சம்பந்தனுக்கு வந்தோம். சாலையோரத்தில் வெள்ளைக் கோலுடன் ஒரு பெரியவர் நின்றார். பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. பார்வையற்ற பலர் இங்கேயே தங்கி, மசாஜ் நிலையங்களில் வேலை செய்து பிழைக்கிறார்கள். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லோருக்கும் அம்மாமார் ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதையே மகனிடம் சொன்னேன்: "கையைப் பிடிச்சு இழுக்காதே. முதல்ல கேளு. அப்புறம் உன் கையைக் கொடு, அவங்க பிடிச்சுக்குவாங்க."

அவன் தயங்கித் தயங்கிப் போனான். "அங்கிள், ரோடு கடக்கணுமா?" என்று கேட்டு முழங்கையை நீட்டினான். பெரியவர் பிடித்துக்கொண்டார்.

இருவரும் சாலையைக் கடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வீட்டை அவனுக்குக் காட்ட முடியவில்லை. அந்த வீட்டில் கற்றதைக் கொடுக்க முடிந்தது.