போர் வரலாற்று நூல்களை அடுக்கும் முறை

பெரியவர் ஒருவர் மறைந்ததும் அவர் சேர்த்த நூல்கள் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்விடுகின்றன. நம் முத்துக்குளித்துறையின் வரலாறும் அவற்றோடு போகிறது.

நூல்களை ஆசிரியர் பெயர்ப்படி அடுக்காமல் போர்வாரியாகப் பிரிப்போம். 1538இல் வேதாளையில் மரைக்காயர் படையும் போர்ச்சுகீசியரும் மோதினர். ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் அரபியில் எழுதிய 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலின் மொழிபெயர்ப்பையும் போர்ச்சுகீசியர் தரப்பு நூல்களையும் அருகருகே வைத்தால்தான் ஒப்பிட முடியும்.

ஹிஜ்ரி 944, 1537 ஜூனில் தொடங்கி 1538 மே மாதம் முடிந்தது. எனவே ஒவ்வொரு நூலிலும் ஒரு சீட்டு வைத்து, இரு ஆண்டுகளையும் பக்க எண்ணையும் குறிப்போம். முழுப் பட்டியலையும் ஒரு நோட்டில் எழுதிப் பிள்ளைகளிடம் காட்டிவைப்போம். இன்ஷா அல்லாஹ், நாளை அந்த நூல்கள் எடைக்குப் போகாது.