எமர்சனும் எங்க வீட்டு மொய் நோட்டும்

பரிசு பற்றி ஒரு அமெரிக்கர் எழுதிய சின்னக் கட்டுரை சில மாதங்களாக என்னைப் படுத்திக்கொண்டிருக்கிறது. எழுதியவர் ரால்ஃப் வால்டோ எமர்சன். 1844-ல் வந்த அவருடைய இரண்டாவது கட்டுரைத் தொகுப்பில் இருக்கு. சில பக்கங்கள்தான், தலைப்பே 'பரிசுகள்'. அதற்கு மூன்று வருஷம் முன்னாடி, 1841-ல் வந்த முதல் தொகுப்பில்தான் தற்சார்பு பற்றிய அவரது புகழ்பெற்ற கட்டுரை இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்தால் எங்க ஊர்க்காரனுக்கு உடனே ஒரு கேள்வி வரும்: அப்போ மொய்?

எங்க ஊர் பண்ணைப்புரம். தேனி மாவட்டம், உத்தமபாளையம் தாலுகா. மகளுக்குக் காதணி விழா வைக்கணும். பத்திரிகையில் 'மொய் தவிர்க்கவும்' என்று ஒரு வரி போடலாமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் இது எனக்கு வெறும் படிப்பு விஷயம் இல்லை.

எமர்சன் என்ன சொல்றார்?

சுருக்கமா இரண்டு விஷயம்.

ஒன்று, பரிசு என்பது கொடுப்பவருடைய வாழ்க்கையிலிருந்து வரணும். கவிஞர் கவிதை தரட்டும், விவசாயி தானியம் தரட்டும், தையல் தெரிந்த பெண் தன் கையால் தைத்ததைத் தரட்டும். நகைக்கடையில் பணம் கொடுத்து வாங்கித் தருவதில் தருபவர் எங்கேயும் இல்லை. தன்னைத் தர முடியாததற்குச் சொல்லும் ஒரு சமாதானம் அது, அவ்வளவுதான்.

இரண்டாவதுதான் கொஞ்சம் கடினம். வாங்குவது மனுஷனுக்குக் கஷ்டம். கொடுத்தவரை நாம் முழுசாக மன்னிப்பதில்லை. கை நீட்டி வாங்கிய நிமிஷமே நம்ம தற்சார்பில் ஒரு கீறல் விழுது. அதனால்தான் உதவி செய்தவர்மேல் காரணம் சொல்லத் தெரியாத ஒரு கோபம் வருது. இரண்டு பேரும் ஒரே நீர்மட்டத்தில் இருக்கும்போதுதான் பரிசு சரியாக ஓடும் என்கிறார். நீர்மட்டம் என்றால் பெரியாறு அணையின் 142 அடிதான் எங்க பள்ளத்தாக்கில் ஞாபகம் வரும். ஆனால் அந்த உவமை எங்களுக்கு நல்லாவே புரியும்.

தற்சார்புக் கட்டுரையின் சாரமும் இதோடு சேரும். ஊர் என்ன நினைக்கும் என்று பார்த்து வாழாதே, உன் மனசுக்குச் சரி என்று படுவதை நம்பு. தர்மம்கூட ஊருக்காகச் செய்யாதே என்பது வரை போகிறார்.

மொய் எப்படி வேலை செய்யுது?

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, புதுமனை புகுவிழா எதுவானாலும் பந்தலில் ஒரு மேஜை இருக்கும். ஒருத்தர் பணத்தை எண்ணுவார், ஒருத்தர் எழுதுவார். ஊர், பெயர், தொகை. பல இடங்களில் மைக்கில் வாசிப்பார்கள். இப்போ மதுரை, தேனிப் பக்கம் லேப்டாப்பில் ஏற்றி, கையில் ரசீதும் கொடுத்துவிடுகிறார்கள்.

விழா முடிந்ததும் அந்த நோட்டு வீட்டின் முக்கியமான ஆவணமாகிவிடும். யாராவது பத்திரிகை வைத்துவிட்டுப் போனால் முதலில் திறப்பது அதைத்தான். "அவுக நமக்கு எவ்வளவு போட்டாக?" 

கணக்கு இப்படிப் போகும். என் கல்யாணத்துக்கு ஒருத்தர் 500 ரூபாய் போட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டு விசேஷத்துக்கு நான் 1,000 போடுவேன். அதில் 500 பழசு, தீர்ந்தது. மீதி 500 புதுசு, அவர் தலையில் ஏறியது. அடுத்து எங்க வீட்டில் விசேஷம் வந்தால் அவர் 1,500 போடுவார். 500 பழசு, 1,000 புதுசு. நோட்டு ஒருநாளும் பூஜ்யத்துக்கு வராது. வரவும் கூடாது. வாங்கியதை அப்படியே சரிக்குச் சரி திருப்பினால், 'கணக்கை முடிச்சுக்கிட்டாக' என்று அர்த்தம். அதாவது உறவை முடித்துக்கொண்டார்கள்.

பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925-ல் வெளிவந்த தன் ஆய்வில் இதைத்தான் உலகம் முழுக்கத் தேடிப்போய்ச் சொன்னார்: பரிசு என்று நாம் சொல்வதில் கொடுக்கும் கடமை, வாங்கும் கடமை, திருப்பிக் கொடுக்கும் கடமை என்று மூன்று ஒளிந்திருக்கிறது. வள்ளுவர் இன்னும் கறாராகச் சொல்லிவிட்டார். ஈகை அதிகாரத்தின் முதல் குறளை (221) எடுத்துப் பாருங்க. இல்லாதவருக்குத் தருவதுதான் ஈகை, மற்றதெல்லாம் 'குறியெதிர்ப்பை'. அதாவது, பக்கத்து வீட்டில் அளந்து வாங்கிய அரிசியை அதே அளவில் திருப்புகிற கைமாற்று. அந்தக் கணக்கில் மொய் என்பது ஈகை இல்லை, சுத்தமான குறியெதிர்ப்பை.

இதில் கேவலம் ஒன்றும் இல்லை. வங்கிக்கு உள்ளே போகவே தயங்கிய குடும்பங்களுக்கு வட்டியில்லாமல், அடமானம் இல்லாமல், ஒரே நாளில் பெரிய தொகை கையில் வந்தது மொய்யால்தான். கல்யாணச் செலவு அதில்தான் அடைந்தது. சிக்கல் எங்கே என்றால், கடனைப் பரிசு என்று பெயர் மாற்றி அழைக்கும்போது. பரிசு என்றால் வேண்டாம் என்று சொல்ல முடியாது, தவணை கேட்க முடியாது. ஒரே முகூர்த்த நாளில் நாலு பத்திரிகை வந்து, வட்டிக்கு வாங்கி மொய் செய்யும் வீடுகள் எங்க பக்கம் உண்டு. பிள்ளை இல்லாதவர்களுக்கு, கல்யாணம் ஆகாதவர்களுக்கு விசேஷமே வராது. ஆயுசு முழுக்கப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். இன்னொன்றையும் சொல்லணும். எந்த வீட்டு நோட்டையும் புரட்டிப் பாருங்கள், பெயர்கள் பெரும்பாலும் ஒரே சாதிக்குள் சுற்றும்.

இவ்வளவும் சேர்ந்துதான் 'மொய் தவிர்க்கவும்' என்று போடலாம் என்கிற இடத்துக்கு என்னைக் கொண்டுவந்தது. எமர்சனும் பக்கத்தில் நின்று ஆமாம் போடுகிற மாதிரி இருந்தது.

அம்மாவின் வாதம்

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னது இதுதான்: "ஏய்யா, வாங்க மாட்டேன்னு சொல்றது பெரிய மனுசத்தனம்னு நெனச்சியா? நம்மகிட்ட வாங்குனவுக அத எங்கய்யா கொண்டுபோயி எறக்கி வைப்பாக?"

இந்தக் கேள்விக்கு எமர்சனிடம் நேரடிப் பதில் இல்லை. வாங்குபவருக்குக் கூச்சம் என்று சொன்னவர், திருப்பித் தர வழியில்லாதவரின் கூச்சத்தைப் பற்றிப் பேசவில்லை. நான் மொய் வாங்காவிட்டால் முப்பது வருஷமாக அம்மா போட்ட அத்தனை பேரும் ஒரே நாளில் என் தயவில் நிற்பவர்களாக ஆகிவிடுவார்கள். கைமாற்றை நான் தானமாக மாற்றிவிடுகிறேன், அவர்களைக் கேட்காமலே.

அம்மா நோட்டில் ஒரு பெயர் உண்டு. எங்க தெருவில் தனியாக இருந்த ஒரு அம்மா. எங்க வீட்டு எல்லா விசேஷத்துக்கும் வந்து 21, 51 என்று போட்டிருக்கிறார். அவர் வீட்டில் விசேஷம் எதுவும் வரவில்லை. ஒருமுறை அவர் படுக்கையில் விழுந்தபோது எங்க அம்மா அரிசியும் கொஞ்சம் பணமும் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் வாங்க மறுத்திருக்கிறார். அம்மா சொன்னாராம், "நீங்க போட்ட மொய்யத்தான் திருப்புறேன், நோட்டுல இருக்கு, வேணும்னா பாருங்க." அதன் பிறகு வாங்கிக்கொண்டார்.

கொடுத்தது நோட்டில் இருந்ததைவிடப் பல மடங்கு. அது பரிசு. ஆனால் கடன் என்று பெயர் வைத்ததால்தான் வாங்குபவரின் தலை நிமிர்ந்தே இருந்தது. எமர்சன் சொன்ன கீறலுக்கு மருந்து, எமர்சன் விரும்பாத கணக்கு நோட்டிலேயே இருந்திருக்கிறது.

தற்சார்புக்கு யார் காசு?

இந்த இடத்தில் எமர்சனுடைய வாழ்க்கையையும் பார்க்கணும். அவருடைய முதல் மனைவி எலன் 1831-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவர் பங்குக்கு வந்த சொத்து சில வருஷங்களில் எமர்சனுக்குக் கிடைத்தது. பாதிரியார் வேலையை விட்டுவிட்டு எழுத்து, சொற்பொழிவு என்று அவர் இறங்க முடிந்ததற்கு அந்தப் பணமும் ஒரு காரணம். அவருடைய நண்பர் தோரோ 1845 ஜூலை 4 அன்று வால்டன் குளக்கரையில் தனியாக வாழப் போனாரே, அந்த நிலம் எமர்சனுடையது. குடிசை கட்ட மரம் வெட்டிய கோடாலி இரவல். வாங்கியபோது இருந்ததைவிடக் கூர்மையாக்கித் திருப்பிக் கொடுத்தேன் என்று தோரோவே எழுதிவைத்திருக்கிறார். நம்ம கணக்கில் பழசு, புதுசு இரண்டும் சேர்த்துச் செய்துவிட்டார்.

இதைச் சொல்லி அவர்களை மடக்குவது என் நோக்கம் இல்லை. தற்சார்பு என்பது யாரிடமும் வாங்காமல் இருப்பது இல்லை என்றுதான் இது காட்டுகிறது. வாங்கியதை வைத்து அடுத்தவர் சொன்ன வாழ்க்கையை வாழ்வதா, நம்ம வாழ்க்கையை வாழ்வதா என்பதுதான் கேள்வி.

இதற்குப் பாஸ்டன் வரை போக வேண்டியதில்லை, எங்க ஊரிலேயே உதாரணம் இருக்கு. 1960-களின் கடைசியில் பண்ணைப்புரத்துப் பிள்ளைகள் பாட்டுத் தேடிச் சென்னைக்குக் கிளம்பினார்கள். வீட்டிலிருந்த ரேடியோப் பெட்டியை 400 ரூபாய்க்கு விற்று, அம்மா சின்னத்தாயம்மாள் அந்தப் பணத்தை அப்படியே கையில் கொடுத்து அனுப்பினார் என்று இளையராஜா பலமுறை சொல்லியிருக்கிறார். 'அன்னக்கிளி' வந்தது 1976-ல். 2025 மார்ச்சில் லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. தனி ஆளாக, சொந்தத் திறமையில் முன்னேறியவர் என்று நாம் சொல்கிற கதைகளில் இது முதல் வரிசையில் வரும். அது உண்மைதான். அந்தக் கதையின் தொடக்கத்தில் விற்கப்பட்ட ஒரு ரேடியோவும் உண்டு. பாட்டு கேட்கிற ஒரு பெட்டியைப் பாட்டு போடப் போகிற பிள்ளைக்காக விற்றது, எமர்சன் கேட்ட பரிசுக்கு அப்படியே பொருந்தும். அதை எந்த நோட்டில் எழுதுவது? 400-க்குப் பழசு எவ்வளவு, புதுசு எவ்வளவு?

திருப்பவே முடியாத பரிசு

இன்னொரு வகையும் எங்க பள்ளத்தாக்கில் இருக்கு. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுயிக் பிறந்தது 1841 ஜனவரி 15. எமர்சனின் தற்சார்புக் கட்டுரை வந்த அதே வருஷம். 1887-ல் தொடங்கிய வேலை முடிந்து 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. மேற்கே ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வந்தது. இன்றைக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளைவது அந்தத் தண்ணீரில்தான்.

அணை கட்ட அவர் சொந்தச் சொத்தை விற்றார் என்று எங்க பக்கம் சின்னப் பிள்ளையும் சொல்லும். அணை சென்னை மாகாண அரசின் திட்டம். சொத்து விற்ற கதை வாய்வழியாகத்தான் வாழ்கிறது. ஆனால் ஊர் ஏன் இந்தக் கதையை விடமாட்டேங்குது என்று யோசித்தால் எமர்சன்தான் ஞாபகம் வருகிறார். சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு என்ஜினியரின் திட்டம் என்றால் அது பரிசாகாது. தன்னிடமிருந்து ஏதோ ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தார் என்றால்தான் பரிசு. அதனால் ஊரே சேர்ந்து அந்தத் தண்ணீரைப் பரிசாக்கிக்கொண்டது. அவர் 1911-ல் இங்கிலாந்தில் இறந்துவிட்டார், திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. அதனால் அவர் பிறந்தநாளில் பொங்கல் வைக்கிறார்கள், பிள்ளைக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். தேனி பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர்தான்.

மொய் நோட்டுக்குச் சாதி எல்லை உண்டு. இந்த நன்றிக்கு அது இல்லை.

சரி, என்னதான் முடிவு?

மூன்றையும் மூன்றாகவே வைத்துக்கொள்வது என்பதுதான் நான் வந்து சேர்ந்த இடம். கைமாற்று, பரிசு, திருப்ப முடியாத கொடை. மூன்றும் வேணும். ஒன்றின் பெயரை இன்னொன்றுக்கு வைக்கும்போதுதான் மனஸ்தாபம்.

அதனால் பத்திரிகையில் அந்த வரியைப் போடவில்லை. அம்மா போட்டதைத் திருப்ப வருகிறவர்களுக்கு மேஜை இருக்கும், நோட்டு இருக்கும். மைக் இருக்காது. யார் எவ்வளவு போட்டார்கள் என்பது அவர்களுக்கும் நோட்டுக்கும் தெரிந்தால் போதும். வாங்கியதை நான் திருப்புவேன், என் வசதிக்குள். வட்டிக்கு வாங்கிச் செய்ய மாட்டேன், அடுத்தவரையும் செய்யவிட மாட்டேன். முடியாதபோது, 'அடுத்த தடவை செய்றேன்' என்று நேரில் போய்ச் சொல்லுவேன். ஊர் பேசும்தான். தற்சார்புக் கட்டுரை எனக்கு உதவுவது அந்த ஒரு நிமிஷத்தில்தான்.

பரிசு என்று கொடுப்பதை நோட்டுக்கு வெளியே கொடுக்கணும். தோட்டம் இருப்பவர் ஒரு கூடை பன்னீர் திராட்சை தரட்டும், சமைக்கத் தெரிந்தவர் முதல்நாளே வந்து அடுப்படியில் நிற்கட்டும். எனக்குத் தெரிந்தது எழுத்து. பெரியவர்களிடம் கேட்டு, எங்க குடும்பத்தின் நாலு தலைமுறைப் பெயர்களையும் கதைகளையும் ஒரு சின்னப் புத்தகமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்களுக்கு அதுதான் தாம்பூலப் பையில் இருக்கும்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார். "அந்தப் பொஸ்தகத்துல நம்ம தெரு அம்மா பேரு வருமா?"

வரும் என்று சொல்லியிருக்கிறேன்.