மனச்சோர்வு மருந்தும் செரோட்டோனினும்

மலேசியாவில் 2023-ஆம் ஆண்டு எடுக்கப்பெற்ற தேசிய சுகாதார ஆய்வின்படி, நூற்றுக்கு 4.6 பேர் மனச்சோர்வு நோயால் துன்புறுகின்றனர். மருந்து உண்ணத் தொடங்குவோருள் சிலர், பத்து நாள் சென்றதும், "குணம் ஒன்றும் காணோம்" என்று நிறுத்திவிடுகின்றனர். மருந்து பயன்தர ஏன் நாளாகிறது?

மூளையில் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவது, அவற்றின் இடையே சுரக்கும் இரசாயனப் பொருள்களால் ஆகும். அவற்றுள் ஒன்று செரோட்டோனின். செய்தி சேர்ந்தபின், சுரந்த அணுவே அதனை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். புளூவாக்செட்டின், செர்ட்ரலின் முதலிய மருந்துகள் அவ்வுறிஞ்சு வாயிலை அடைக்கின்றன. சில மணி நேரத்திலேயே இடைவெளியில் செரோட்டோனின் மிகுகிறது.

அங்ஙனமாயின் மனம் உடனே தெளிய வேண்டாவா? சுரக்கும் அணுவின்மேல் காவலர் போன்ற உணர்விகள் உண்டு. பொருள் மிகுந்ததும் அவை அணுவை அடக்கிவிடுகின்றன. சில வாரங்களில் அக்காவல் தளர்கிறது. நரம்பிணைப்புகளும் மெல்லவே சீர்பெறுகின்றன. தாமதத்திற்கு இவையே காரணம் என்பர். பாடாங் செராய் வட்டாரத்தில் பால்மரம் வெட்டியோர் இதனை எளிதில் உணர்வர். புதிதாகப் பட்டை திறந்த மரம் முதல் நாளே நிறையப் பால் தருவதில்லை. வெட்ட வெட்டவே பெருகும்.

உடலிலுள்ள செரோட்டோனினில் பெரும்பகுதி குடலில் இருக்கிறது. முதல் வாரத்தில் வயிறு புரட்டுவது இதனாலேயே. பெரும்பாலும் அது தானே அடங்கும்.

இந்தியாவின் சர்ப்பகந்தா மூலிகையிலிருந்து 1952-இல் பிரித்தெடுக்கப்பெற்ற ரெசர்ப்பின், இரத்த அழுத்தத்திற்குப் பயன்பட்டது. அதனை உண்ட சிலர் மனஞ்சோர்ந்தனர். அம்மருந்து செரோட்டோனினைக் குறைப்பதை 1955-இல் அமெரிக்காவில் பிராடி குழுவினர் கண்டனர். செரோட்டோனின் குறைவே நோய்க்குக் காரணம் என்னும் கருத்து வளர இதுவும் துணைசெய்தது. ஆனால் அதற்கு உறுதியான சான்றில்லை என்று 2022-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று கூறிற்று. அதனால் மருந்து வீண் என்று கொள்ளலாகாது. 522 சோதனைகளை ஆராய்ந்த 2018-ஆம் ஆண்டு ஆய்வில், 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பயன் தந்தன. காய்ச்சல் மாத்திரையால் காய்ச்சல் தணிகிறது. அம்மாத்திரை உடலில் குறைந்ததாலேயே காய்ச்சல் வந்தது என்பாருண்டோ?

நற்பயன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், உறக்கமின்மை, படபடப்பு தோன்றலாம். தொடக்க வாரங்களில், குறிப்பாக இளைஞரிடம், அமைதியின்மையோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ தலைகாட்டினால், வீட்டார் காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொற்படியே நடத்தல் வேண்டும்.